ஒரு நொடிக்கு வைத்த பெயர்

போன மாதம் பழைய காகிதம் ஒன்றில் கையெழுத்துப் போட இந்தச் செயற்கைக்கோள் நிலையத்துக்கு வந்திருந்தேன். கட்டுப்பாட்டு அறைக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே உங்களில் ஒருவர் பக்கத்து நாற்காலிக்காரரைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"ஏலே, டயத்த ஒருதடவ பாத்துட்டு அனுப்பு. மேரி பண்ணிறாத!"

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். "மேரி பண்றதுன்னா என்னப்பா?" என்று கேட்டேன்.

"தப்பான டயத்த மேல அனுப்புறது சார்."

"அது புரியுது. மேரின்னா யாரு?"

அவர் முழித்தார். "யாரா? அது ஆளா சார்? நான் ஏதோ இங்கிலீஷ் சுருக்கம்னுல்ல நெனச்சேன்."

அறையே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன், வெட்கங்கெட்டவன். வெளியே வந்து வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் சிரித்தது எதற்கு என்று உறைத்தது. செம்பட்டி தாண்டும்வரை டிரைவர் என்னென்னவோ பேசிக்கொண்டு வந்தார், ஒன்றும் காதில் விழவில்லை.

அது ஆள்தான் தம்பி. சகாயமேரி என்று பெயர். நிலக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளை. நீங்கள் இன்றைக்கு உட்காருகிற அதே நாற்காலியில் ஆறு வருஷம் உட்கார்ந்திருந்தாள். நீங்கள் அவள் பெயரில் சொல்லுகிற அந்தத் தப்பு அவள் செய்ததில்லை. நான் செய்தது. "புதுசா சேந்த பிள்ளைகளுக்கு உங்க அனுபவத்துல இருந்து நாலு நல்ல வார்த்தை சொல்லுங்க சார்" என்று இன்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நல்ல வார்த்தைக்கு நான் எங்கே போக? என்னிடம் இது ஒன்றுதான் இருக்கிறது.

அப்போது நம்மிடம் நான்கு சின்னச் செயற்கைக்கோள்கள் இருந்தன. ஒவ்வொன்றும் கல்யாண வீட்டுச் சோற்றுக் குண்டான் அளவுதான். நான்கு நிமிட இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே பாதையில் போகும். ஒரே ஊரை நான்கும் வேறு வேறு கோணத்தில் படம் எடுக்கும். நான்கு படத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் தண்ணீர் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று சொல்ல முடியும். அதற்கு நான்கின் கடிகாரமும் ஒன்றாக ஓட வேண்டும். அவை ஒரு நொடியில் ஏழு கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடும். கடிகாரம் ஒரு நொடி பிசகினால் நீங்கள் கேட்ட ஊருக்குப் பதில் பக்கத்து ஊரைப் படம் எடுத்து, கேட்ட ஊரின் பெயரையே அதன்மேல் ஒட்டி அனுப்பிவிடும். ஆகவே தினமும் காலையில் இங்கே இருக்கிற ஜி.பி.எஸ். பெட்டியைப் பார்த்து நான்குக்கும் நேரம் கொடுப்போம். பிறகு அவை தங்களுக்குள் பேசிச் சரிபார்த்துக்கொள்ளும். ஒன்று ஒத்துவரவில்லை என்றால் நமக்குச் சொல்லும். வரிசையில் கடைசியாக வருகிற நான்காவதை நாங்கள் கடைக்குட்டி என்போம்.

எனக்கு முன்னால் இங்கே தலைவராக இருந்தவருக்கு ஒரு வழக்கம் உண்டு. அவர் பெயர் வேண்டாம், சபையில் பெயர் சொன்னாலே நெளிகிற மனுஷர். கரண்ட் போய்த் திரும்பி வந்தால் உடனே எழுந்துவிடுவார். "கரண்ட் வந்துருச்சா? வாங்கப்பா, டீ குடிச்சுட்டு வருவோம்" என்று எல்லோரையும் வெளியே கிளப்பி, அறையைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். செம்பட்டி சாலையில் இருக்கிற கடைவரை நடை. டீ, ஒரு வடை, பேப்பரில் ஒரு பக்கம். தலைக்கு மேலே செயற்கைக்கோள் போய்க்கொண்டிருந்தாலும் சரி, டீ டீதான். ஒருமுறை நான் ஏன் என்று கேட்டதற்கு, "மெசினு செத்த நேரம் மூச்சு வாங்கட்டும்ப்பா" என்றார். அவ்வளவுதான் விளக்கம். டீப் பைத்தியம் என்று நாங்கள் பின்னால் சிரித்துக்கொள்வோம்.

அவர் ஓய்வு பெற்று நான் அந்த நாற்காலிக்கு வந்ததும் முதல் வேலையாக ஒரு நோட்டீஸ் ஒட்டினேன். பணி நேரத்தில் யாரும் டீக்கடைக்குப் போகக் கூடாது, டீ பிளாஸ்கில் அறைக்கே வரும் என்று. மேலிடத்தில் பாராட்டினார்கள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். இந்த ஊரில் வேலை என்றால் என்ன என்று காட்ட வந்த துரை என்று எனக்கு நினைப்பு.

ஒரு ஐப்பசி மழைக்காலம். வடக்கே வேறொரு மாவட்டத்தில் ஆறு உடைத்துக்கொண்டது. கரையில் பல ஊர்கள், மீட்புக்கு இருந்ததோ நாலே படகு. எந்த ஊருக்கு முதலில் படகு விடுவது என்று தெரிந்துகொள்ள நம் படத்துக்காகக் காத்திருந்தார்கள். காலை ஒன்பது மணிச் சுற்றில் நம் செயற்கைக்கோள்கள் கிழக்கே கடல்மேல் தாழ்வாகப் போகும். அதில் நேரம் கொடுப்போம். ஒன்றரை மணி நேரம் கழித்து அடுத்த சுற்றில் தலைக்கு மேலே வரும். அதில்தான் படம்.

அன்றைக்கு ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது இடி இறங்கிக் கரண்ட் போனது. பேட்டரி கெட்டுப்போய் மாற்றச் சொல்லி எழுதிப்போட்டிருந்த சமயம், எல்லாப் பெட்டியும் அணைந்தது. ஐந்து நிமிடத்தில் கரண்ட் வந்துவிட்டது. பெட்டி உயிர் பெற்றுப் பச்சை விளக்கும் எரிந்தது. முதல் செயற்கைக்கோள் அடிவானத்தில் ஏறிக்கொண்டிருந்தது. மேரி விசைப்பலகைமேல் கையை வைக்கவில்லை.

"என்ன மேரி, அனுப்பு."

"சார், கரண்ட் இப்பத்தான் வந்துச்சு. பழைய சார் இருந்தா டீக்குக் கூட்டிட்டுப் போயிருப்பாரு."

எனக்குச் சுருக்கென்று ஏறியது. அறையில் நாலு பேர் இருக்கிறார்கள். ஒரு பக்கம் மேலிடத்திலிருந்து போன் மேல் போன். "ஊரே வெள்ளத்துல கெடக்கு, ஒனக்கு டீ கேக்குதா?" என்றேன்.

"டீக்காகச் சொல்லல சார். இந்தச் சுத்து போனாப் போகுது. நேத்துக் குடுத்த டயமே போதும் சார், ஒரு நாள்ல அம்புட்டு ஒண்ணும் ஓடிறாது. படம் நல்லாத்தான் வரும்."

அவள் சொன்னது சரி. கணக்காகவே சரி. ஒரு நாளில் அந்தக் கடிகாரங்கள் பிசகக்கூடிய அளவுக்குப் படத்தில் ஒரு வீட்டு வாசல்கூடத் தவறாது. ஆனால் அவசரம் என்று வந்துவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது மாதிரிக் கஷ்டம் வேறு இல்லை. எதையாவது செய்துகொண்டே இருந்தால்தான் நாம் வேலை பார்க்கிறோம் என்று நமக்கே நம்பிக்கை வரும். அன்றைக்குச் செய்ய வேண்டிய வேலை சும்மா இருப்பது. அதைச் செய்ய எனக்குத் தெம்பு இல்லை.

"நான் சொல்றேன், அனுப்பு" என்றேன்.

அனுப்பினாள். ஒன்று, இரண்டு, மூன்று. சிறிது நேரம் கழித்துக் கடைக்குட்டி வந்தது, அதற்கும் அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் மேலிருந்து பதில் வந்தது. மூன்று ஒரே நேரத்தைச் சொல்கின்றன, நான்காவது மட்டும் ஒரு நொடி பின்னால் இருக்கிறது.

மேரி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "சார், கரண்ட் வந்த ஒடனே குடுத்தது அந்த மூணுக்கும். கடைக்குட்டிக்குத்தான் செத்த நேரம் கழிச்சுக் குடுத்தோம். எனக்கென்னமோ அது சொல்றதுதான் சரியோன்னு தோணுது."

யோசித்துப் பாருங்கள். ஒரு பெரிய குழு மூன்று நாள் உட்கார்ந்து கண்டுபிடித்ததை இந்தப் பிள்ளை இரண்டே நிமிடத்தில் சொல்லிவிட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"மூணு பேரு ஒண்ணு சொல்றான், ஒருத்தன் வேற சொல்றான். நீ யாரம்மா நம்புவ? கடைக்குட்டியையும் மத்த மூணோட சேத்து விடு."

"சார், ஒருதடவ பெட்டியப் பாத்துட்டு..."

"மேரி!"

கடைக்குட்டி மறைவதற்குள் அதையும் திருத்தினாள். சரியாக இருந்த ஒன்றையும் கெடுத்தாயிற்று. நான்கும் ஒற்றுமையாகத் தப்பான நேரத்தில் ஓடின.

படம் தெளிவாக வந்தது. மேகத்தில் நல்ல இடைவெளி. தாழ்வில் இருந்த ஓர் ஆற்றங்கரை ஊர் அந்தப் படத்தில் காய்ந்த தரையாகத் தெரிந்தது. அது அந்த ஊரே இல்லை, ஏழு கிலோமீட்டர் வடக்கே இருந்த மேட்டுக்காடு. நம் படத்தை நம்பிப் படகுகளை வேறு பக்கம் விட்டார்கள். மறுநாள் மத்தியானம் அந்த மாவட்டத்து அதிகாரி எனக்குப் போன் போட்டார். "ஒங்க படத்துல காஞ்சு கெடக்குற ஊருல, இங்க சனம் பள்ளிக்கூடத்து மொட்டை மாடியில நேத்துல இருந்து நிக்குதுய்யா" என்றார். உயிர் ஒன்றும் போகவில்லை. ஆடு மாடு போயிற்று. நிறைமாதப் பெண் ஒருத்தி அந்த மாடியில் நனைந்துகொண்டே கிடந்தாளாம். அவளும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. அதில் நம் சாமர்த்தியம் எதுவும் இல்லை.

விசாரணைக் குழு வந்தது. கண்டுபிடித்தது இதுதான். ஜி.பி.எஸ். நேரத்துக்கும் உலகக் கடிகார நேரத்துக்கும் சில நொடி வித்தியாசம் உண்டு, உங்களுக்குத் தெரியும். அது எத்தனை நொடி என்கிற செய்தி வானத்திலிருந்து முழுசாக வந்து சேரப் பன்னிரண்டு பதின்மூன்று நிமிடம் ஆகலாம். அதுவரை பெட்டி தன் நினைவில் இருக்கிற பழைய வித்தியாசத்தை வைத்துக்கொண்டு, பச்சை விளக்கையும் எரியவிட்டுக்கொண்டு, சத்தியம் பண்ணுவது போல ஒரு நேரம் சொல்லும். நம்முடையது பழைய பெட்டி, அது வந்த பிறகு அந்த வித்தியாசம் ஒரு நொடி கூடியிருந்தது. ஒரு நொடி தப்பு. டீக்கடைக்குப் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகும்? இருபது நிமிடம்.

அன்று சாயங்காலமே பழைய தலைவருக்குப் போன் போட்டேன். "அது தெரியாதாப்பா ஒனக்கு? நானும் ஒருக்கா சூடுபட்டவன்தான்" என்றார். "அதைச் சொல்லியிருக்கலாமே அண்ணே" என்றேன். "அதான் டீ வாங்கிக் குடுத்தேன்ல" என்றார். எனக்கு அவர்மேல் இன்னமும் கோபம் உண்டு. ஒரு வரி எழுதிப் பெட்டிமேல் ஒட்டியிருந்தால் என்ன? நீங்கள் ஒரு வழக்கத்தை வைத்தால் காரணத்தையும் எழுதி வையுங்கள். ஒரு வழக்கத்தை எடுப்பதாக இருந்தால், காரணம் தெரிகிறவரை அதைத் தொடாதீர்கள். இது உங்கள் வேலைக்கு உதவும், குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் நான் இதைச் சொல்ல வரவில்லை.

குழுவுக்கு நிலையத்தின் சார்பில் நான் ஓர் அறிக்கை எழுத வேண்டும். அந்த வருஷம்தான் மேரியை நிரந்தரமாக்கச் சொல்லும் பரிந்துரை என் மேசையில் கிடந்தது. அதுவரை அவள் வருஷா வருஷம் ஒப்பந்தம் புதுப்பிக்கிற ஆள். அதற்காகவே சென்னையில் கிடைத்த வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு இங்கே ஆறு வருஷம் காத்திருந்தாள். அதே வருஷம் என் பதவி உயர்வும் மேலிடத்தில் இருந்தது. உள்ளதை மறைப்பானேன், பயந்தேன். ராத்திரி பகலாக ஒரே பயம்.

பதிவேட்டில் அவள் கணக்கிலிருந்துதான் நேரம் போயிருக்கிறது. என் உத்தரவோ வெறும் வாய்ப்பேச்சு. நான் எழுதினேன்: "பணியிலிருந்த சகாயமேரி, கொடுக்கப்பட்ட நேரம் சரியானதா என்று உறுதி செய்யாமல் அனுப்பியதே காரணம்." இதில் ஒரு வார்த்தை பொய் இல்லை பாருங்கள். அனுப்பியவள் அவள்தான். உறுதி செய்யவில்லை, அதுவும் உண்மை. பொய் சொல்லாமலேயே ஒரு ஆளைக் குழியில் தள்ளலாம் என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

அறிக்கையின் நகலில் அவளும் கையெழுத்துப் போட வேண்டும். நின்றபடியே படித்தாள். இரண்டு முறை படித்தாள்.

"சார், நீங்க அனுப்பச் சொன்னத இதுல எழுதலையே?"

"சும்மா ஃபைலுக்கும்மா இது. ஒனக்கு ஒண்ணும் வராது, நான் பாத்துக்கிறேன்."

அறையில் அன்றைக்கு இருந்த மற்ற மூன்று பேரையும் அவள் திரும்பிப் பார்த்தாள். ஒருவரும் தலை நிமிரவில்லை. அவர்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது, அவர்களைச் சொல்லி என்ன? கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள்.

நான் பார்த்துக்கொள்ளவில்லை. பரிந்துரை திரும்பி வந்தது, ஒப்பந்தமும் நீளவில்லை. கடைசி நாளில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாள். என் அறை வாசலில் நின்று "வாரேன் சார்" என்றாள். நான் ஏதோ முக்கியமான போனில் இருப்பதுபோல் தலையை ஆட்டினேன். அந்தப் போனில் எதிர்முனையில் யாரும் இல்லை. எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது, மாலை போட்டார்கள். அந்த நான்கு செயற்கைக்கோளும் காலம் முடிந்து எரிந்து விழுந்துவிட்டன. அந்த அறிக்கை மட்டும் சாகவில்லை. புதிதாக வருகிறவர்களுக்குப் பாடம் நடத்துகிற கோப்பில் அதைச் சேர்த்துவிட்டார்கள். அதை முதலில் படித்தவர்கள் கிளப்பிய வார்த்தைதான், கோப்பைப் புரட்டாத உங்கள் வாய்க்கும் வந்திருக்கிறது.

போன மாதம் உங்கள் சிரிப்பைக் கேட்டபிறகு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் பஸ் ஏறி நிலக்கோட்டை போனேன். பூ மார்க்கெட்டில் விசாரித்ததும் கடையைக் காட்டினார்கள். மாமனார் வீட்டுப் பூ வியாபாரத்தை இப்போது அவள்தான் பார்க்கிறாள். மல்லிகைப் பெட்டிகளை ஐஸ் வைத்துக் கட்டி வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கையில் ஒரு நோட்டோடு நின்றிருந்தவள் என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள்.

"வாங்க சார். ஒக்காருங்க. டீ சொல்லவா?"

உட்கார்ந்தேன். டீ வந்தது. கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். வேன் கிளம்பிப் போனபிறகு எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

"மேரி, நான் ஒனக்குப் பண்ணது..." என்று ஆரம்பித்தேன்.

"எம்பேரு அங்க இன்னும் வேலை பாக்குதாம்ல சார்?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"எங்க தெருப் பிள்ளை ஒருத்தி அங்க புதுசாச் சேந்துருக்கா. ரொம்பக் கெட்டிக்காரி. போன வாரம் பூ வாங்க வந்தவ, 'அக்கா, நீங்களும் முன்ன அங்கதான இருந்தீக, மேரி பண்றதுன்னா என்னக்கா?'ன்னு கேக்குறா. அவளுக்கு என்னைய சகாயம் அக்கான்னுதான் தெரியும்."

"நீ என்ன சொன்ன?"

"தெரியலைன்னுட்டேன்."

சொல்லிவிட்டு நோட்டைப் புரட்டினாள். அதில் அவள் எதையும் பார்க்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். தப்பு பண்ணிட்டேம்மா, மன்னிச்சிரு என்றேன். கடையில் வேலை செய்கிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பதறி எழுந்து என் கையைக் கீழே இறக்கினாள்.

"ஐயோ, என்ன சார் இது, எறக்குங்க கைய. நடந்தது என்னான்னு எனக்குத் தெரியாதா சார்? நான் அங்கதான இருந்தேன். என்கிட்ட வந்து சொல்லி என்ன ஆகப்போகுது? தெரியாதவுகளுக்குப் போயிச் சொல்லுங்க."

கோபமாகச் சொல்லவில்லை. வழி கேட்டவனுக்கு வழி சொல்வது மாதிரி சொன்னாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை. ஆறிப்போன டீயைக் குடித்து முடித்துவிட்டு வந்தேன்.

அதனால்தான் வந்திருக்கிறேன். நடந்ததை உள்ளபடி எழுதி, இதோ, இன்று காலை உங்கள் தலைவரிடம் கொடுத்துவிட்டேன். அந்தப் பாடக் கோப்பிலிருந்து என் பழைய அறிக்கையை எடுத்துவிட்டு இதை வைக்கச் சொல்லியிருக்கிறேன். வைப்பார்களா என்று தெரியாது. ஓய்வு பெற்றவன் கொடுக்கிற காகிதத்துக்கு இருக்கிற மரியாதை எனக்குத் தெரியும். மேரியின் ஆறு வருஷத்தையோ, அதற்குப் பிறகு போன வருஷங்களையோ இந்தக் காகிதம் திருப்பிக் கொடுக்காது. காலம் கடந்து வந்திருக்கிறேன், அதுவும் எனக்குத் தெரியும்.

நிலக்கோட்டைப் பிள்ளை உங்கள் நடுவில்தான் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறாள். யார் என்று நான் கேட்கவில்லை. அம்மா, இன்றைக்கு ஊருக்குப் போனதும் சகாயம் அக்கா கடைக்குப் போ. அர்த்தம் தெரிந்துவிட்டது என்று மட்டும் சொல்.

மற்றவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். என் பெயர் தங்கவேல். இனிமேல் இந்த அறையில் யாராவது பார்க்காமல் நேரத்தை மேலே அனுப்பினால், "தங்கவேல் பண்ணிட்டான்" என்று சொல்லுங்கள். முதல் நாலு நாள் வாய்க்கு வராது. பிறகு பழகிவிடும்.